சின்னச் சொற்களின் கலகம்: ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு மென்பொருள் ஆவணம் எழுதுவது

கேள்வி இது: "எங்கள் மென்பொருளின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஆவணத்தில் எழுதியிருப்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றார்கள். கடினமான சொற்களை எடுத்துவிட்டோம், வாக்கியங்களையும் சுருக்கிவிட்டோம். பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. எங்கே தவறுகிறோம்?"

களையெடுத்த பாத்தி தப்பு என்று நினைக்கிறேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரு டேட்டாபேஸ் நிர்வாகியை 'ரெப்ளிகேஷன்', 'டிரான்சாக்ஷன்', 'ஆதென்டிகேஷன்' போன்ற சொற்கள் பயமுறுத்துவதில்லை. அவை அவருடைய தொழிலின் சொற்கள். நாள் முழுக்க அவற்றோடுதான் குடித்தனம். தன் மொழியில் பேசும்போதும் அவற்றைத்தான் சொல்கிறார். அவரைத் தடுக்கி விழவைப்பவை 'ஒன்ஸ்', 'மே', 'ஷுட்', 'அன்லெஸ்', 'சின்ஸ்', 'இட்', 'அப்', 'ஆஃப்' போன்ற குட்டிச் சொற்கள். பெரிய சொல் புரியாவிட்டால், புரியவில்லை என்பதாவது தெரியும்; அகராதியைத் திறப்பார். குட்டிச் சொல் புரிந்த மாதிரியே இருக்கும். தவறான பொருளைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருளைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றுவதற்கான வழிகாட்டியை எழுதினேன். அதில் ஒரு வரி: 'ரன் தி மைக்ரேஷன் ஒன்ஸ் தி பேக்கப் இஸ் கம்ப்ளீட்.' பேக்கப், அதாவது காப்பு நகல், எடுத்து முடிந்த பிறகு மைக்ரேஷனை, அதாவது பதிப்பு மாற்றத்தை, ஓட்டுங்கள் என்பது நான் நினைத்தது. படித்த பொறியாளர் 'ஒன்ஸ்' என்பதற்குப் பள்ளியில் கற்ற பொருளை எடுத்துக்கொண்டார்: ஒரு முறை. ஆக, மைக்ரேஷனை ஒரு முறை ஓட்ட வேண்டும். பேக்கப் முழுமையாக இருக்கிறது. மென்பொருளே எடுத்து வைத்திருக்கிறது போலும் என்று நினைத்து, ஒரே ஒரு முறை, மிகுந்த கவனத்தோடு ஓட்டினார். பேக்கப் அப்போது பாதியில்தான் இருந்தது. சிதைந்துபோன அட்டவணைகளைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. டேட்டாபேஸ் விஷயத்தில் அவர் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர். அந்த வாக்கியத்தில் மொத்தம் எட்டே சொற்கள். எந்தக் கருவியில் கொடுத்துச் சோதித்தாலும் 'மிக எளிது' என்றே சான்றிதழ் கிடைத்திருக்கும்.

'ஒன்ஸ்' இருந்த இடத்தில் 'ஆஃப்டர்' என்று எழுதியிருந்தால் கதையே இல்லை. கூகுள் நிறுவனம் தன் டெவலப்பர் ஆவணங்களுக்காக வைத்திருக்கும் நடைக் கையேடும் இதையேதான் சொல்கிறது. 'சின்ஸ்' காலத்தையும் காட்டும், காரணத்தையும் காட்டும். காரணம் என்றால் 'பிகாஸ்' போடுங்கள். 'வைல்' என்பது 'அதே நேரத்தில்' என்றும் வரும், 'இருந்தாலும்' என்றும் வரும். இரண்டாவது பொருளுக்கு 'ஆல்தோ' இருக்கிறது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இந்த இரட்டைப் பொருள் கண்ணிலேயே படாது. வாக்கியத்தின் ஓட்டத்தில் சரியான பொருள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் எழுதியவரே எத்தனை முறை திருத்திப் படித்தாலும் இந்தப் பிழை அகப்படுவதில்லை.

'ஷுட்' இன்னும் வில்லங்கமானது. 'யூ ஷுட் ரீஸ்டார்ட் தி சர்வர்' என்றால் மறுதொடக்கம் செய்வது நல்லதா, செய்தே ஆக வேண்டுமா? எழுதியவருக்கே வெளிச்சம். 'தி ஃபைல் ஷுட் பி எம்ப்டி' என்பதைப் பாருங்கள். கோப்பு காலியாக இருக்கும் என்று தகவல் சொல்கிறதா? காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறதா? காலியாக இல்லையென்றால் நாமே காலி செய்துவிட வேண்டுமா? மூன்றாவதாகப் புரிந்துகொண்டவர் ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை முழுதாக அழித்துவிட்டு, 'அடுத்தது என்ன' என்று கேட்டு நிற்பார். ஆவணத்தில் எழுதியிருந்ததைத்தானே செய்தார்?

இன்டர்நெட் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்புக்கு இதுபோன்ற சில சொற்களுக்காகவே ஒரு தனி ஆவணம் தேவைப்பட்டது. ஸ்காட் பிராட்னர் 1997 மார்ச்சில் எழுதிய ஆர்எஃப்சி 2119 அது (ஆர்எஃப்சி என்பது அந்த ஆவண வரிசையின் பெயர்). 'மஸ்ட்' என்றால் கட்டாயம். 'ஷுட்' என்றால், தக்க காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவுகளை முழுதாக எடைபோட்டுவிட்டு விலக வேண்டும். 'மே' என்றால் அவரவர் விருப்பம். அப்படியும் குழப்பம் தீரவில்லை. இந்தச் சொற்கள் முழுதும் பெரிய எழுத்துகளில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 வந்து தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. நெறிமுறை எழுதுபவர்களுக்கு இது போதும். அதைப் பார்த்துப் பயனர் வழிகாட்டியிலும் பெரிய எழுத்தில் 'ஷுட்' போடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. தமிழ், ஜப்பானியம், அரபு போன்ற எழுத்துமுறைகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. வாசகர் உங்கள் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்ட மறுகணம் அந்த வேறுபாடு உதிர்ந்துவிடும்.

நான் செய்வது இதுதான். கட்டாயம் என்றால் நேரடியாக ஏவல் வினை: 'சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள்'. நல்லது, ஆனால் கட்டாயமில்லை என்றால் 'பரிந்துரைக்கிறோம்' என்று சொல்லிவிட்டுக் காரணத்தையும் அதே வரியில் கொடுத்துவிடுவேன். நடக்கப்போவதைச் சொல்வதானால் நிகழ்காலம்: 'திரையில் பச்சைக் குறி தோன்றுகிறது'. 'மே' என்பதற்கு அனுமதி என்றால் 'கேன்', வாய்ப்பு என்றால் 'மைட்'. 'மே நாட்' என்ற ஜோடியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், கடைசியில் வருகிறேன்.

அடுத்தது, வினைச்சொல்லோடு 'அப்', 'அவுட்', 'ஆஃப்' எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் தொடர்கள். 'ரன்' எல்லோருக்கும் தெரியும். 'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோவது; 'ரன் இன்டு' என்றால் எதிர்ப்படுவது; 'ரன் த்ரூ' என்றால் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருமுறை செய்து பார்ப்பது. தெரிந்த இரண்டு சொற்கள் சேர்ந்து தெரியாத மூன்றாவது ஒன்றாகிவிடுகின்றன. 'ஃபால் பேக் டு தி டிஃபால்ட்' என்பதை அகராதியை வைத்துக்கொண்டு படித்தால் மென்பொருள் மல்லாக்க விழுகிறது. அதே 'ஃபால்' அமெரிக்க ஆங்கிலத்தில் இலையுதிர் காலத்தையும் குறிக்கும். புதிய பதிப்பு 'ஃபாலில்' வரும் என்று அறிவித்தால், பூமியின் தென்பாதியில் இருப்பவருக்கு அது எந்த மாதம்? அங்கே அப்போது வசந்தம்.

இங்கே நீங்கள் பின்பற்றிய அறிவுரையே உங்களுக்கு எதிராக வேலை செய்திருக்கலாம். 'நீண்ட சொல்லை விட்டுவிட்டுக் குறுஞ்சொல்லை எடு' என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட அறிவுரை. அவர்களுக்கு 'டாலரேட்' என்பதைவிட 'புட் அப் வித்' இயல்பானது. 'போஸ்ட்போன்' என்பதைவிட 'புட் ஆஃப்' இயல்பானது. பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் கற்றவருக்கோ நேர்மாறு: 'போஸ்ட்போன்' தெரியும், 'புட் ஆஃப்' தெரியாது. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துகீசியம் பேசுபவர்களுக்கு நீண்ட சொல் இன்னும் வசதி. லத்தீன் வேர் கொண்ட சொற்களில் பலவற்றுக்கு அவர்கள் மொழியிலேயே உடன்பிறப்பு இருக்கிறது. இதற்காக 'யூஸ்' இருக்கும் இடத்தில் 'யூட்டிலைஸ்' போடச் சொல்லவில்லை. ஒரே சொல்லில், ஒரே பொருளில் முடிகிற வினை கிடைத்தால், அது நீளமாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

வாசிப்பு எளிமைக்கு மதிப்பெண் தரும் கருவிகள் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். அவற்றில் புகழ்பெற்றது ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம். அது கணக்கில் எடுப்பது இரண்டே நீளங்களைத்தான்: ஒரு வாக்கியத்தில் எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் எத்தனை அசைகள். 'புட் அப் வித்' மூன்று ஓரசைச் சொற்கள் என்பதால் அங்கே தங்கம், 'டாலரேட்' தண்டனைக்குரியது. இத்தனைக்கும் ஃபிளெஷ் வியன்னாவில் பிறந்தவர். ஆங்கிலம் அவருக்கே தாய்மொழி அல்ல. மதிப்பெண்ணைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீளமான வாக்கியங்களைப் பிடித்துக் கொடுக்க அது உதவும். அதை இலக்காக வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தால் என் எட்டுச் சொல் வாக்கியம் மாதிரியானவை பெருகும்.

வாக்கியத்தைச் சுருக்கினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் முதலில் பலியாவது 'தட்' என்ற சொல். 'தி ஃபைல்ஸ் தட் தி ஸ்கிரிப்ட் கிரியேட்ஸ்' என்பதில் 'தட்' இல்லாமலும் ஆங்கில இலக்கணம் ஒப்புக்கொள்ளும். ஆனால் தமிழ் வாசகரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மொழியில் 'ஸ்கிரிப்ட் உருவாக்கும் கோப்புகள்' என்று அடைமொழி முன்னால் வந்துவிடும். 'உருவாக்கும்' என்ற பெயரெச்சமே அடுத்து வரும் பெயரோடு கைகோத்துக்கொள்ளும். ஜப்பானியம், கொரியம், துருக்கியம் பேசுபவர்களுக்கும் இதே பழக்கம்தான். ஆங்கிலத்தில் அடைமொழி பெயருக்குப் பின்னால் வருகிறது. அது வருகிறது என்பதற்கான ஒரே அடையாளப் பலகை அந்தத் 'தட்'. பலகையைப் பிடுங்கினால் ஒரு சொல் மிச்சமாகும். வாசகர் வாக்கியத்தின் முடிவு வரை போய்விட்டு மறுபடி தலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சுருக்குவதில் இன்னொரு விபரீதம், பெயர்ச்சொற்களை ரயில் பெட்டிகள் போலக் கோப்பது. 'கஸ்டமர் டேட்டா எக்ஸ்போர்ட் எரர் லாக் ரிடென்ஷன் பீரியட்'. ஏழு பெட்டிகள், நடுவே ஒரு கொக்கிகூட இல்லை. இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எத்தனை கொக்கிகள் காணாமல் போயிருக்கின்றன என்று தெரியும்: வாடிக்கையாளர்களின் தரவை ஏற்றுமதி செய்யும்போது ஏற்படும் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கணக்கு. ஐந்தாறு உருபுகளும் எச்சங்களும் சேர்ந்து செய்யும் வேலையை ஆங்கிலத் தொடர் வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிட்டது. 'நியூ யூசர் கைட்' என்ற மூன்று சொல் தொடரிலேயே புதியது கையேடா, பயனரா என்ற கேள்வி இருக்கிறது. ஏழு சொல் தொடரில் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 'ஆஃப்', 'ஃபார்', 'வென்' போட்டு உடைத்துவிடுங்கள். வாக்கியம் நீளும். நீளட்டும்.

இப்போது, குட்டிச் சொற்களிலிருந்து சற்று விலகி, உங்கள் துறைச் சொற்களுக்கு வருகிறேன். அவை பயமுறுத்துவதில்லை என்றேன். அது ஒரு பொருளுக்கு ஒரே பெயர் இருக்கும்வரைதான். ஒரு கோப்பைச் சுட்டும் குறுக்கிணைப்பை உருவாக்க 'எல்என்' என்று ஒரு கட்டளை உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் இருக்கும் குனூ கையேட்டைத் திறந்தால், முதலில் 'டார்கெட்', அடுத்து இணைப்பின் பெயர் என்று இருக்கும். அங்கே 'டார்கெட்' என்பது ஏற்கெனவே இருக்கும் அசல் கோப்பு. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் கையேட்டிலோ முதலில் 'சோர்ஸ்', அடுத்து 'டார்கெட்'. இங்கே 'டார்கெட்' என்பது புதிதாக உருவாகப்போகும் இணைப்பு. கட்டளை ஒன்று, வரிசையும் ஒன்று, அதே சொல் இரண்டு கையேடுகளில் எதிரெதிர் முனைகளைக் காட்டுகிறது. அம்பு போய்த் தைக்கும் இடம் என்று ஒருவர் நினைத்தார், வேலை முடிந்து கிடைக்கும் பொருள் என்று மற்றவர் நினைத்தார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்தக் கட்டளையில் எது முதலில் என்று ஆண்டுக்கணக்காகத் தடுமாறுபவர்களில் நானும் ஒருவன். என் நினைவாற்றல்தான் மோசம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' என்ற கருவியில் இதற்கு நேர் எதிர்க் கோளாறு: ஒரே பொருளுக்குப் பல பெயர்கள். அடுத்த கமிட்டில், அதாவது அடுத்த பதிவில், சேரவிருக்கும் மாற்றங்கள் தங்கும் இடத்தை ஒரு பக்கத்தில் 'இன்டெக்ஸ்' என்பார்கள், இன்னொரு பக்கத்தில் 'ஸ்டேஜிங் ஏரியா'. கட்டளை வரியில் 'கேஷ்டு' என்றும் விருப்பக்குறி உண்டு, 'ஸ்டேஜ்டு' என்றும் உண்டு. வேறுபாடு பார்க்கும் கட்டளையில் இரண்டும் ஒன்றேதான். 'செக்அவுட்' என்ற ஒரு கட்டளையோ கிளை மாறவும் பயன்பட்டது, கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பவும் பயன்பட்டது. 2019 ஆகஸ்டில் வந்த 2.23ஆம் பதிப்பில்தான் 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என்று இரண்டு கட்டளைகள் தனியாக வந்தன. வெளியிலிருந்து படிப்பவர் 'இன்டெக்ஸ்' வேறு, 'ஸ்டேஜிங் ஏரியா' வேறு என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் தவறில்லை. வேறு சொல் வந்தால் வேறு பொருள் என்பது ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவரின் நியாயமான எதிர்பார்ப்பு. பள்ளியில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொழில்நுட்ப ஆவணத்தில் அந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டும். திரையில் இருக்கும் பொத்தானின் பெயர், ஆவணத்தில் வரும் சொல், பிழைச் செய்தியில் வரும் சொல் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சலிப்பாக இருந்தாலும்.

இந்தச் சிக்கலை நம்மைவிட முன்னால் சந்தித்தவர்கள் விமானத் துறையினர். பராமரிப்புக் கையேடுகள் ஆங்கிலத்தில், படித்து வேலை செய்பவர்களோ பல மொழியினர். ஐரோப்பிய விமானத் தொழில் கூட்டமைப்பு 1986இல் கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலத்துக்கான ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 2005இலிருந்து அதன் பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஇ100. அதில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும். விதியைக் கடைப்பிடிப்பதற்கு 'ஓபே' என்று தனிச் சொல். செயல்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது, விளக்க வாக்கியத்தில் 25. பெயர்ச்சொல் தொடர் மூன்று சொற்களைத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்துக்கு ஓர் ஏவல். இதை அப்படியே மென்பொருளுக்குக் கொண்டுவர முயன்ற இரண்டு குழுக்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சில மாதங்களில் கைவிட்டன. விமானத்தின் பாகங்கள் வேகமாக மாறுவதில்லை. மென்பொருளில் வாரத்துக்கு ஒரு புதுச் சொல் முளைக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சொற்பட்டியலை விட்டுவிட்டு, நான் சொன்ன நான்கு விதிகளை மட்டும் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் அனுபவம்.

வாக்கியத்துக்குள் எது முன்னால் வருகிறது என்பதும் முக்கியம். 'பழைய கோப்புறையை நீக்குங்கள், அதைத் தனிப்பயன் அமைப்புகளுக்குப் பயன்படுத்தியிருந்தால் தவிர' என்ற வரிசையில் ஆங்கிலத்தில் 'அன்லெஸ்' போட்டு எழுதுவது வழக்கம். மொழியில் தயங்கித் தயங்கிப் படிப்பவர் ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே படிப்பார். நிபந்தனை கண்ணில் படும்போது கோப்புறை போயிருக்கும். 'அன்லெஸ்' என்பதே உள்ளுக்குள் ஓர் எதிர்மறையை ஒளித்து வைத்திருக்கிறது. முன்னால் 'டு நாட்' வேறு இருந்தால் வாசகர் இரண்டு எதிர்மறைகளைப் பெருக்கி விடை காண வேண்டும். 'இஃப்' போட்டு நிபந்தனையை முன்னால் கொண்டுவாருங்கள், செயலைப் பின்னால் சொல்லுங்கள். ஆபத்தான படிக்கான எச்சரிக்கையும் அந்தப் படிக்கு முன்னாலேயே வர வேண்டும். பல ஆவணங்களில் கட்டளைக்குக் கீழே, மஞ்சள் பெட்டிக்குள், அழகாக வருகிறது.

சில்லறைச் சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 03/04 என்ற தேதி சிலருக்கு மார்ச், சிலருக்கு ஏப்ரல். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், அல்லது 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 முறைப்படி ஆண்டை முதலில் வைத்து எழுதுங்கள். 1.500 என்பது ஜெர்மானியருக்கு ஆயிரத்து ஐந்நூறு. லத்தீன் சுருக்கங்களான 'இ.ஜி.', 'ஐ.இ.' இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்பவர்கள் ஆங்கிலேயர்களிலேயே உண்டு, விரித்து எழுதிவிடலாம். நகைச்சுவை, விளையாட்டு உவமை, திரைப்பட வசனம் எதுவும் வேண்டாம். 'ஜஸ்ட்', 'சிம்ப்ளி' என்று தொடங்கும் வாக்கியம், முடியாமல் தவிப்பவரைப் பார்த்து இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறது. படத்துக்குள் எழுத்தை வைத்தால் அதை அகராதியிலோ மொழிபெயர்ப்பியிலோ ஒட்ட முடியாது. கட்டளையில் வாசகர் நிரப்ப வேண்டிய இடத்தைக் கோண அடைப்புக்குறிக்குள் காட்டினால், குறிகளையும் சேர்த்தே தட்டச்சு செய்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். நிரப்பிய பிறகு எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணத்தையும் கீழே காட்டுங்கள்.

உதாரணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரூபி நிரல்மொழி 1995இல் ஜப்பானில் வெளிவந்தது. தொடக்க ஆண்டுகளில் அதன் ஆவணங்களில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில்தான் இருந்தது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் அப்போது நம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். மொழி புரியாத பக்கத்தில் நிரல் மட்டும் புரியும். அதனால் நிரல் தனியாகவே நிற்கும்படி இருக்க வேண்டும்: துண்டாக இல்லாமல் முழுதாக, ஓட்டினால் ஓடக்கூடியதாக, ஓட்டிய பின் திரையில் வரும் வெளியீட்டோடு. வாசகர் தன் திரையையும் உங்கள் பக்கத்தையும் ஒப்பிட்டே பாதி விஷயத்தைப் புரிந்துகொள்வார்.

பிழைச் செய்தியையும் ஆவணமாகவே நினையுங்கள். பலர் ஆவணத்தைத் திறப்பதே அதைப் பார்த்த பிறகுதான். அந்த வரியை அப்படியே நகலெடுத்துத் தேடுகிறார்கள். ஆகவே செய்தி எழுத்துக்கு எழுத்து ஆவணத்திலும் இருக்க வேண்டும்; எண் இருந்தால் இன்னும் நல்லது. ரஸ்ட் நிரல்மொழியின் கம்பைலர் (நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) பல பிழைகளுக்கு ஒரு குறியீட்டு எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணைச் சொன்னால் விரிவான விளக்கத்தையும் தருகிறது. எண்ணுக்கு மொழி கிடையாது, மொழிபெயர்ப்பில் கரையாது. 'ஊப்ஸ், ஏதோ தவறாகிவிட்டது' என்ற செய்தியை எழுதியவர் நட்பாக இருப்பதாக நினைத்திருப்பார். அகராதியில் 'ஊப்ஸ்' தேடிக்கொண்டிருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இவற்றில் ஒரு பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். 'வேல்' என்று ஒரு திறந்தமூலக் கருவி இருக்கிறது; உரைநடையில் நீங்கள் தடைசெய்த சொற்கள் வந்தால் கோடிட்டுக் காட்டும். 'ஒன்ஸ்', 'ஷுட்', 'மே', 'அன்லெஸ்' நான்கையும் அதில் போட்டுவிட்டு உங்கள் ஆவணங்களின் மேல் ஓட்டுங்கள். வரும் எண்ணிக்கை உங்களைத் தூங்கவிடாது. உங்கள் பக்கத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், ஆனால் அதை முழுதாக நம்பாதீர்கள். பழைய மொழிபெயர்ப்பிகள் குழப்பமான வாக்கியத்தில் உளறும். எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். இப்போதையவை இரண்டு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சந்தேகத்தின் சாயலே இல்லாமல், சரளமாக எழுதிவிடுகின்றன.

நான் நம்பும் சோதனை வேறு. உங்கள் குழுவில் இல்லாத, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பக்கத்தைக் கொடுங்கள். படித்து முடித்ததும் புரிந்ததா என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அவர் மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த மொழி தெரியாவிட்டால் தெரிந்த இன்னொருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வாயைத் திறக்காதீர்கள்; இதுதான் கடினம். எதிலிருந்து தொடங்குவது என்றால், உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதிலிருந்து.

அப்படி ஒரு முறை அமைப்புகளை மாற்றுவது பற்றிய பக்கத்தை ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அதில் 'யூ மே நாட் ஸீ தி சேஞ்ச் ஃபார் டென் மினிட்ஸ்' என்று இருந்தது. மாற்றம் தெரியப் பத்து நிமிடம்வரை ஆகலாம் என்ற பொருளில் நான் எழுதியது. அவர் தமிழில் திருப்பிச் சொன்னார்: "மாற்றத்தைப் பத்து நிமிடத்துக்குப் பார்க்கக் கூடாது." சொன்னதோடு நிற்கவில்லை. அந்தப் படியைச் செய்துவிட்டு, உலாவியை மூடி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏன் பார்க்கக் கூடாது என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். பாதுகாப்புக்காக இருக்கும் என்று நினைத்தாராம்.